நகரம் தன் வெளியே வைத்தவை
பல்லாவரம் வட்டாரத்தின் புறநகர் வரலாறு

வெளியூர் செல்லும் நம் மஹல்லாவாசிகளிடம் "எந்த ஊர்?" என்று யாரேனும் கேட்டால், பெரும்பாலோர் சொல்லும் விடை "சென்னை" என்பதே. கேட்டவர் சென்னையை அறிந்தவராயிருந்து "சென்னையில் எங்கே?" என்று தொடர்ந்தால்தான் பல்லாவரம், குரோம்பேட்டை, பம்மல், அனகாபுத்தூர் என்ற பெயர்கள் வெளிவரும். இந்த முதல் விடையும் இரண்டாம் விடையும் சேர்ந்ததே புறநகர் வாழ்க்கை. நகரத்தின் பெயரைச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் நாம் வாழும் மண்ணுக்கென்று தனியொரு வரலாறு இருப்பதைப் பல நேரங்களில் மறந்துவிடுகிறோம். அவ்வரலாற்றை இயன்ற அளவு தொகுத்து, ஆண்டறிக்கையின் இப்பக்கங்களில் ஜமாஅத்தார் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதற்கு முன் ஒரு கருத்தைச் சொல்லிவிடுவது நலம். பெருநகரம் ஒன்று வளரும்போது அதற்குச் சில பொருள்கள் அருகில் இருக்க வேண்டும். ஆனால் தன் நடுவில் இருக்கக் கூடாது. படைவீடு, கல்லுடைக்கும் மலை, தோல் பதனிடும் கூடம், காசநோய் மருத்துவமனை, விமானத் தளம், குப்பை மேடு ஆகியன அத்தகையவை. இவற்றையெல்லாம் நகரம் தன் எல்லைக்கு வெளியே வைத்தது. அவ்வாறு வைக்கப்பட்ட இடத்தில் பிழைப்புத் தேடி வந்து குடியேறிய மக்கள் அதை ஓர் ஊராக்கினார்கள். நம் வட்டாரத்தின் வரலாற்றை ஒரே வரியில் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

நகரத்திற்கு முந்திய ஊர்

சென்னைப் பட்டினத்தின் தோற்றத்தை 1639ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுவது வழக்கம். பல்லாவரமோ அதற்கு மிகப் பழையது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் இங்குள்ள படை மைதானத்தருகே, சரளைக்காகத் தோண்டப்பட்டிருந்த குழியொன்றில் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். ஆதி மனிதன் செதுக்கிய கருவி அது. இந்தியாவில் பழங்கற்கால ஆய்வு என்னும் துறையே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியது என்பர் ஆய்வாளர். 1888ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ரீ என்பார் இங்கு அகழ்ந்தபோது சுட்ட மண்ணால் செய்த ஈமப் பேழை கிடைத்தது.

பின்னர் பல்லவர் காலம் வந்தது. பல்லவபுரம் என்பதே பல்லாவரம் என மருவியது. முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் இங்குள்ள குன்றில் ஒரு குடைவரையை அமைத்தான். அவனுடைய பட்டப் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. பிற்காலத்தில் அவ்விடம் தர்காவாயிற்று. ஆகவே, நகரம் வந்து நமக்கு ஊரைத் தரவில்லை. ஏற்கெனவே இருந்த ஊரின் மீது நகரம் வந்து படிந்தது என்பதே சரி.

நிலையப் பெயர்கள் சொல்லும் கதை

கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் நாள்தோறும் பயணம் செய்வோர், வழியிலுள்ள பெயர்ப் பலகைகளைச் சற்றே நிதானித்துப் பார்த்தால் இந்த வரலாறு முழுவதும் அங்கே எழுதப்பட்டிருப்பதை உணர்வர். பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம் என்ற வரிசையில் நகரம் வெளியே வைத்தவற்றுள் பெரும்பாலானவை இடம்பெற்றுவிடுகின்றன.

முதலில் கல்லைப் பார்ப்போம். பரங்கிமலை முதல் பல்லாவரம் வரையுள்ள குன்றுகளின் கருங்கல் நெடுங்காலமாக வெட்டி எடுக்கப்பட்டு வந்தது. கல்கத்தா நகருக்கு அடிகோலியவராகக் கருதப்படும் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் பதித்த கல் இவ்வட்டாரக் குன்றுகளின் கல் வகையைச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அக்கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, சார்னாக்கின் பெயரைக் கொண்டே அவ்வகைப் பாறைக்குச் "சார்னகைட்" என்று பெயரிட்டார். உலகெங்கும் நிலவியல் மாணவர்கள் படிக்கும் அப்பெயரின் மூலக்கல் நம் வீட்டு மாடியிலிருந்து தெரியும் குன்றுகளுடையது. குன்றுகளில் ஒரு பகுதியோ ஜல்லியாக மாறி நகரத்தின் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் அடியில் கிடக்கிறது.

அடுத்தது படை. ஆங்கிலேயர் ஆட்சியில் பல்லாவரம் ஒரு கண்டோன்மெண்ட். இந்தியப் படைப்பிரிவுகள் இங்குத் தங்கியிருந்தன. ஓய்வு பெற்ற ஐரோப்பியப் படையினருக்கும் இது உறைவிடமாயிருந்தது. இன்றும் பரங்கிமலை–பல்லாவரம் கண்டோன்மெண்ட் என்னும் பெயரில் அந்த மரபு நீடிக்கிறது. படைக்குக் காய்கறியும் கறியும் துணியும் தோலும் வண்டி மாடும் வேண்டியிருந்தன. படைவீட்டைச் சுற்றி வணிகர், தையற்காரர், கசாப்புக்காரர், சமையற்காரர் எனப் பல தரப்பினர் வந்து சேர்வது எங்கும் உள்ள வழக்கம். நம் வட்டாரத்தின் கலப்பான குடியிருப்புக்கு, தமிழும் உருதும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிப்பதற்கு, இப்படைவீட்டு வாழ்வும் ஒரு காரணம் எனலாம். பழைய டிரங்க் சாலையில் வெள்ளிதோறும் கூடும் பல்லாவரம் சந்தை இன்றும் செடி முதல் பழைய இரும்பு வரை அனைத்தையும் விற்றுக்கொண்டிருக்கிறது.

தோல் தந்த பெயர்

குரோம்பேட்டை என்ற பெயரில் "பேட்டை" தமிழ். "குரோம்" என்பது குரோமியம் என்னும் உலோகம். தோலை ஆவாரம் பட்டை, கடுக்காய் முதலியவற்றால் பதனிடுவதே நம் நாட்டின் பழைய முறை. அதற்குப் பல வாரங்கள் ஆகும். குரோமிய உப்பைக் கொண்டு பதனிட்டால் சில நாள்களில் முடிந்துவிடும். தோலும் மென்மையாகவும் வெப்பத்தைத் தாங்குவதாகவும் அமையும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் அதிகாரி சென்னை மாகாண அரசின் சார்பில் இம்முறையைச் சோதித்துப் பார்த்தார். பின்னர் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் பல்லாவரத்தை அடுத்து நிறுவிய குரோம் லெதர் கம்பெனியே அப்பகுதிக்குப் பெயரைத் தந்தது. ஓர் உலோகத்தின் பெயரைத் தாங்கிய ஊர் தமிழகத்தில் வேறு எத்தனை இருக்கும்!

தோல் தொழிலில் முஸ்லிம்களின் பங்கு பெரிது. பெரியமேட்டின் தோல் மண்டிகள், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஊர்களின் தொழிற்கூடங்கள், பல்லாவரம் நாகல்கேணிப் பகுதியின் கூடங்கள் ஆகியவை ஒரே சங்கிலியின் கண்ணிகள். முதல் உலகப் போரின்போது படைவீரர் காலணிகளுக்காகச் சென்னை மாகாணத்துப் பதனிட்ட தோலை அரசே கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இத்தொழில் முதன்மை பெற்றிருந்தது. 1948ஆம் ஆண்டில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில் அமைந்ததும் இதனால்தான்.

இத்தொழில் பல வீடுகளில் அடுப்பெரிய வைத்தது. பிள்ளைகளைப் படிக்க வைத்தது. பெண்மக்களைக் கரையேற்றியது. அறப்பணிகளுக்கும் கல்விக்கூடங்களுக்கும் பொருளீந்த கைகளுள் தோல் வணிகர் கைகள் முன்னணியில் இருந்தன. இதை நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனால் வரலாறு எழுதுவோர் வரவை மட்டும் எழுதிச் செலவை மறைக்கலாகாது. அச்செலவைப் பின்னர்க் காண்போம்.

நோயும் கல்வியும் வந்த வழி

டாக்டர் சௌரி முத்து 1928ஆம் ஆண்டில் தாம்பரத்தருகே காசநோய்க்கான சானடோரியத்தை நிறுவினார். மருந்து கண்டுபிடிக்கப்படாத அக்காலத்தில் தூய காற்றும் ஓய்வும் நல்லுணவுமே காசநோய்க்குச் சிகிச்சை. நெரிசல் மிகுந்த நகரில் அவை கிடையா. எனவே நகரம் தன் நோயாளிகளை இங்கு அனுப்பியது. ஊரார் அஞ்சி விலகிய அவ்விடம் பின்னாளில் அரசு நெஞ்சக மருத்துவமனையாக வளர்ந்து, 1990களில் எய்ட்ஸ் நோயாளிகளை எல்லோரும் ஒதுக்கிய வேளையில் அவர்களுக்கும் கதவு திறந்தது. நகரம் ஒதுக்கியதை ஏற்றுக்கொண்டதால் இவ்வட்டாரம் சிறுமையடையவில்லை, பெருமையே அடைந்தது.

கல்வியும் இவ்வழியே வந்தது. ஜார்ஜ் டவுனில் இட நெருக்கடியில் இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937ஆம் ஆண்டில் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. 1949ஆம் ஆண்டில் சி. இராஜம் அவர்கள் குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியைத் தொடங்கினார். நாம் எம்.ஐ.டி. என்று அழைக்கும் இக்கல்லூரியில் பயின்றவர்தாம் பின்னாளில் குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள்.

இங்கு மற்றொருவரையும் நினைவுகூர வேண்டும். அதே கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த மறைமலையடிகள் 1911ஆம் ஆண்டில் பணியை விட்டு விலகிப் பல்லாவரத்தில் வந்து தங்கினார். 1916ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கம் உருப்பெற்றது அவருடைய பல்லாவரம் வீட்டிலிருந்துதான். அவர் கல்லூரியை விட்டு இவ்வட்டாரத்திற்கு வந்து இருபத்தாறு ஆண்டுகள் கழித்து அக்கல்லூரியும் இவ்வட்டாரத்திற்கே வந்து சேர்ந்தது ஒரு வியப்பான பொருத்தமாகும்.

ரயில் தந்த குடியிருப்பு

மேற்கண்டவையெல்லாம் இருந்தும், நகரத்தில் வேலை செய்பவன் இங்கு வீடு கட்டிக்கொண்டு நாள்தோறும் போய்வரும் நிலை 1931ஆம் ஆண்டில்தான் உறுதிப்பட்டது. அவ்வாண்டு தென்னிந்திய இரயில்வே கடற்கரை–தாம்பரம் பாதையில் மின்சார ரயிலை ஓட்டத் தொடங்கியது. ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் நீளமுள்ள இது, நாட்டில் மின்மயமான முதல் மீட்டர்கேஜ் பாதையாகும். புகைவண்டிக்காகக் காத்துக் கிடந்த காலம் போய், குறித்த இடைவெளியில் வண்டி வரும் காலம் பிறந்தது. கடற்கரை நிலையத்தருகே துறைமுகமும் தலைமைத் தபால் நிலையமும், பூங்கா நிலையத்தருகே பொது மருத்துவமனையும் சென்ட்ரலும், எழும்பூரில் வெளியூர் வண்டிகளும் என நகரத்தின் முக்கிய இடங்கள் இப்பாதையை ஒட்டியே இருந்தன. சீசன் டிக்கெட் ஒன்று கையிலிருந்தால் குமாஸ்தாவும் கடைச் சிப்பந்தியும் நகரத்து வாடகைக்குத் தப்பி இங்கே ஒரு கிரவுண்டு நிலம் வாங்கிக்கொள்ள முடிந்தது.

இவ்வாறு வந்தவர்கள்தாம் நம் தெருக்களை உருவாக்கினார்கள். வயல் மனையானது, வரப்பு தெருவானது. தொடக்கத்தில் தெருவிளக்கு இல்லை, தார்ச்சாலை இல்லை, மழைக்காலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நிலையத்திற்கு நடந்த கதையை மூத்தோர் இன்றும் சொல்வர். 1967ஆம் ஆண்டில் மின்னோட்ட முறை மாற்றப்பட்டது. 2004ஆம் ஆண்டில் மீட்டர்கேஜ் வண்டிகள் விடைபெற்று அகலப் பாதை வந்தது. இத்தனை மாற்றங்களுக்கும் நடுவில் மாறாதது ஒன்றுண்டு: காலை எட்டு மணி வண்டியில் ஒரே பெட்டியில் ஏறி, ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டே சென்று வந்தவர்களின் நட்பு. ஓர் ஊரை ஊராக்குவது கட்டடமன்று, இத்தகைய அறிமுகமே.

மீனம்பாக்கம் விமான நிலையமும் நம் வாழ்வில் பங்குகொண்டது. மாடிக்கு மேல் மாடி கட்ட விரும்புவோர் விமானத் துறையின் உயரக் கட்டுப்பாட்டை இன்றும் அறிவர். நகரம் பறப்பதற்காக நாம் தாழ்ந்திருக்கிறோம் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

நீரின் கணக்கு

இனி, முன்பு ஒத்திவைத்த செலவுக் கணக்கிற்கு வருவோம்.

பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதில் உப்பைத் தடவுவார்கள். தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உப்பு சேரும். பதனிடுமுன் அவ்வுப்பைக் கழுவியாக வேண்டும். பிறகு சுண்ணாம்பு, அமிலம், குரோமியம், சாயம் என ஒவ்வொரு கட்டத்திற்கும் நீர் வேண்டும். ஒரு கிலோ தோலைப் பதனிட முப்பத்தைந்து லிட்டர் நீர் செலவாவதாக உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்று குறிப்பிடுகிறது. அந்நீர் எங்கே போயிற்று? வாய்க்காலுக்கும் தாழ்வான நிலத்திற்கும் போயிற்று. அங்கிருந்து நிலத்தடிக்கு இறங்கியது.

அத்தீர்ப்பு 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் வெளிவந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆயம், மாசுபடுத்தியவரே அதற்கான இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. ஐந்து மாவட்டங்களின் தோல் கூடங்களுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அவற்றுள் அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் ஒன்று, அதாவது நம் பகுதியும் அத்தீர்ப்பில் அடக்கம். 1990களில் பல்லாவரத்தில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஏற்பட்டது. ஆனால் அத்தகைய நிலையங்களால் குரோமியத்தைப் பிரித்தெடுக்க முடிந்த அளவுக்குக் கரைந்த உப்பைப் பிரித்தெடுப்பது எளிதாயிருக்கவில்லை. மண்ணுக்குள் போன உப்பு மனிதரின் ஆணைக்குக் கட்டுப்பட்டு வெளியே வருவதில்லை.

இதில் எவரையும் குற்றவாளியாக்குவது நம் நோக்கமன்று. கூடத்தை நடத்தியவரும் அதில் வேலை செய்தவரும் அதன் அருகில் குடியிருந்தவரும் நம்மவரே. எந்தத் தொழில் நம் சோற்றுக்கு வழி செய்ததோ அதே தொழில் நம் கிணற்றைக் கெடுத்தது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பவர் தம் பிள்ளைகளுக்குப் பாதி வரலாற்றையே கொடுக்கிறார்.

தோல் மட்டும் காரணமன்று. இவ்வட்டாரத்தை முன்னோர் ஏரிகளால் பின்னியிருந்தனர். ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே மிகை நீர் அடுத்த ஏரிக்குப் போகும். வயல்கள் மனைகளானபோது பாசனத்திற்கு ஏரி தேவைப்படவில்லை. தேவையற்றது என்று கருதிய இடத்தில் குப்பையும் கழிவுநீரும் சேர்ந்தன. பல்லாவரம் பெரிய ஏரியின் ஊடாகவே துரைப்பாக்கம் செல்லும் ஆரச்சாலை போடப்பட்டு ஏரி இரண்டாயிற்று. அதன் ஒரு பகுதி குப்பை கொட்டும் இடமுமாயிற்று. நகரம் தன் வேண்டாப் பொருளை நம்மிடம் வைத்தது போல், நாம் நம் வேண்டாப் பொருளை ஏரியில் வைத்தோம்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த மழை இக்கணக்கைத் தீர்க்க வந்தது போலிருந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரை புரண்டது. அனகாபுத்தூர் முதல் முடிச்சூர் வரை ஆற்றையொட்டிய பகுதிகள் மூழ்கின. விமான நிலையத்தின் ஓடுதளமும் நீரில் மூழ்கி, சில நாள் விமானங்கள் நின்றன. அந்நாள்களில் யார் எந்த மதத்தவர் என்று எவரும் கேட்கவில்லை. மாடி இருந்தவர் வீட்டில் மாடி இல்லாதவர் தங்கினார். அடுப்பு எரிந்த இடத்தில் அனைவருக்கும் உணவு கிடைத்தது. பள்ளிவாசல்கள் பலவும் அந்நாள்களில் எல்லோருக்குமாகத் திறந்திருந்தன. அதே நீர் நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், குடத்திற்கும் கிடைக்காமல் போய்ச் சென்னை முழுவதும் லாரியை எதிர்பார்த்து நின்றது. அந்தக் கோடையில்தான் சிட்லப்பாக்கம் ஏரியில் குடியிருப்போர் தாமே மண்வெட்டியோடு இறங்கினர். அதன் பின்னரே அரசின் சீரமைப்புப் பணியும் அங்கு வந்தது.

இப்போது நம் முறை

2019ஆம் ஆண்டு நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. 2021ஆம் ஆண்டு நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. 2023ஆம் ஆண்டின் இறுதியில் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் நகரத்தின் விளிம்பாயிருந்த நாம் இன்று நடுவாகிவிட்டோம். விளிம்பு வண்டலூரையும் கூடுவாஞ்சேரியையும் தாண்டிச் செல்கிறது.

இதில்தான் நமக்கொரு சோதனை இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளாக நகரம் நமக்குச் செய்ததை நாம் இனி அடுத்த ஊருக்குச் செய்யப் போகிறோமா? நம் குப்பை எந்த ஊர் ஏரிக்கரையில் போய்ச் சேர்கிறது? நம் கழிவுநீர் யாருடைய வாய்க்காலில் கலக்கிறது? நம் வீட்டிற்கு வரும் லாரித் தண்ணீர் எந்தக் கிராமத்துக் கிணற்றிலிருந்து வருகிறது? அண்டை வீட்டார் என்றால் சுவரை அடுத்து இருப்பவர் மட்டுமல்லர். நாம் விட்ட நீர் யாரிடம் போகிறதோ அவரும் அண்டை வீட்டாரே.

பெரிய திட்டங்களை அரசு செய்யட்டும். நம்மால் ஆவதும் உண்டு. 2003ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். அன்று அமைத்த குழாய்களும் குழிகளும் எத்தனை வீடுகளில் இன்று தூர்ந்துவிட்டன என்பதை அவரவர் மாடியில் ஏறிப் பார்த்தால் தெரியும். மழைக்காலத்திற்கு முன் அவற்றைத் தூர்வாருவது ஒரு நாள் வேலை. பள்ளிவாசல்களின் விரிந்த மேற்கூரையில் விழும் மழை முழுவதையும் கிணற்றுக்குத் திருப்பிவிடலாம். ஹவுளிலிருந்து வெளியேறும் நீரையும் சாக்கடைக்கு விடாமல் செடிகளுக்குப் பாய்ச்சலாம். உப்பு கரிக்கும் கிணற்றில் ஆண்டுதோறும் மழைநீர் இறங்கினால் அதன் கடுமை மெல்லக் குறையும். ஒரே மழையில் நடக்காது. பல மழைகள் வேண்டும். கெடுவதற்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை எண்ணிப் பார்த்தால் பொறுமை வரும்.

படைவீரனும் கல்லுடைத்தவனும் தோல் கழுவியவனும் நோயாளியும் மாணவனும் ரயிலில் வந்த குமாஸ்தாவும் சேர்ந்து நமக்கு விட்டுச் சென்ற ஊர் இது. இனி "எந்த ஊர்?" என்று யாரேனும் கேட்டால் முதல் விடையாகவே பல்லாவரம் என்றும் குரோம்பேட்டை என்றும் சொல்வோம். அவ்வாறு சொல்லும் உரிமை, அந்த ஊரின் கிணற்றையும் ஏரியையும் கவனிக்கும் பொறுப்போடு சேர்ந்தே வருகிறது.